மூலிகை டப்பாவின் பின்பக்கம்: எதைப் படிக்கணும், எதைக் கேட்கணும்?

கம்பத்தை அடுத்த காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். என்ன ரகம், எந்தத் தோட்டம், கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கே விளைந்தது, என்ன ரகம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

அதே திராட்சை இன்னொரு உருவத்திலும் வீட்டுக்கு வருகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கூரியரில் வந்து இறங்கும் கேப்சூல் டப்பாவில் ‘வைட்டிஸ் வினிஃபெரா சீட் எக்ஸ்ட்ராக்ட்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். திராட்சை விதையிலிருந்து பிரித்தெடுத்த சத்து என்று அர்த்தம். எந்த ஊர்த் திராட்சை, எவ்வளவு விதை, எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்க எதிரில் வியாபாரி இல்லை. பதில் சொல்ல வேண்டியது அந்த லேபிள் ஒன்றுதான்.

இன்று மூலிகைப் பொடி, கேப்சூல், ஜூஸ், டீ இல்லாத வீடு குறைவு. சர்க்கரைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று, எடை குறைய ஒன்று. ‘மூலிகைதானே, என்ன பண்ணிடும்?’ என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். டப்பாவின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். சட்டப்படி பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டிய விஷயங்கள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. அதைப் படிக்க எந்த மருத்துவப் படிப்பும் தேவையில்லை. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: இது உணவா, மருந்தா?

‘மூலிகை’ என்பது சட்டத்தில் தனி வகை கிடையாது. ஒரே அமுக்கரா கிழங்குப் பொடி ஒரு டப்பாவில் உணவாகவும், பக்கத்து டப்பாவில் மருந்தாகவும் விற்கப்படலாம். இரண்டுக்கும் சட்டம் வேறு, உரிமம் வேறு, புகார் செய்யும் இடமும் வேறு.

உணவு என்றால், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் வரும். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ அல்லது ‘நியூட்ராசூட்டிகல்’ என்று போட்டிருப்பார்கள். இந்த வகைக்கென 2016-ல் தனி விதிமுறைகள் வந்தன. 2022-ல் அவை திருத்தி எழுதப்பட்டன. அதன்படி ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம், அதைத் தாண்டக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்ற குறிப்புகளும் வேண்டும்.

மருந்து என்றால், 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும். ‘சித்த மருந்து’ அல்லது ‘ஆயுர்வேத மருந்து’ என்ற சொல் லேபிளில் இருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்காது. அதற்குப் பதிலாக மாநில உரிம அதிகாரி கொடுத்த உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கும்.

இதிலும் இரண்டு வகை உண்டு. பழைய நூல்களில் சொன்னபடி அப்படியே செய்யும் மருந்து ஒன்று. எந்த நூல்கள் என்பதைச் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. ‘சித்த வைத்தியத் திரட்டு’ அதில் ஒன்று. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளும் இப்படி நூல்வழி வந்தவைதான். இன்னொரு வகை, அந்த நூல்களில் உள்ள சரக்குகளை எடுத்து நிறுவனமே தன் கணக்கில் கலந்து தயாரிப்பது. இதை ‘ப்ரொப்ரைட்டரி மெடிசின்’ என்பார்கள். ‘பாரம்பரியம்’ என்று இரண்டு டப்பாவும் சொல்லும். ஆனால் இரண்டாவது வகையில் சரக்குகள்தான் பழையவை, கலவை புதியது.

மூன்றாவதாக, ‘ஆயுர்வேத ஆஹாரா’ என்று 2022-ல் ஒரு உணவு வகை உருவாக்கப்பட்டது. ஆயுர்வேத நூல்களில் உள்ள உணவுக் குறிப்புகளின்படி செய்பவை இவை. தனி முத்திரை உண்டு. இவையும் உணவுதான், மருந்து அல்ல.

நான்காவது வகைதான் ஆபத்தானது. உரிம எண்ணே இல்லாத பாக்கெட். ‘எங்க தாத்தா காலத்து ரகசியம்’ என்று வாட்ஸ்அப்பில் விற்கப்படும் பொடி. கெடுதல் நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கே பதில் இல்லாத சரக்கு அது. இங்கே லேபிளைப் படிக்கும் வேலையே இல்லை. வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

இந்த முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஒரு பெரிய விஷயம் தெளிவாகிவிடும். பின்பக்கத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று எழுதிவிட்டு, முன்பக்கத்தில் ‘90 நாளில் சர்க்கரை நோய் காணாமல் போகும்’ என்று சொன்னால், அந்த இரண்டில் ஒன்று பொய். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரப்படுத்துவதையே 1954-ம் ஆண்டின் மாயத் தீர்வுகள் தடைச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுச் சட்டத்தில் இடமுண்டு. இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த வழக்கில், பதஞ்சலி நிறுவனர்கள் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, நாளிதழ்களிலும் மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டி வந்தது இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காகத்தான்.

இரண்டாவது: எந்தச் செடி?

தமிழில் ஒரே பெயர் இரண்டு செடிக்கு இருக்கும். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும் இருக்கும். தூத்துக்குடி, சாத்தூர் பக்கம் விவசாயியிடம் ‘அவுரி’ என்று கேட்டால், ஏற்றுமதிக்குப் போகும் நிலாவாரை இலையைக் காட்டுவார். உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்று பெயர் வாங்கிய மலமிளக்கி அது. சித்த மருத்துவரிடம் ‘அவுரி’ என்றால் நீலச் சாயம் எடுக்கும் நீலிச் செடியை நினைப்பார். இரண்டும் வேறு வேறு செடி, வேலையும் வேறு.

அதனால்தான் லேபிளில் தாவரவியல் பெயரைத் தேட வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் ஒவ்வொரு சரக்கின் தாவரவியல் பெயரும் அளவும் இருக்க வேண்டும் என்பது விதி. பட்டியல் நீளமாக இருந்தால் தனித்தாளில் அச்சிட்டு டப்பாவுக்குள் வைக்கலாம். அந்தத் தாளைக் குப்பையில் போடாதீர்கள்.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சீந்தில் கொடியே உதாரணம். கரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக ‘கிலோய்’ என்ற பெயரில் நாடு முழுக்கச் சாப்பிட்டார்கள். மும்பையில் அதைச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-ல் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, நாட்டின் 13 மருத்துவ மையங்களில் இருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம், சீந்திலைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு கொடியைத் தவறாகச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் சரி என்றாலும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். ‘டினோஸ்போரா கார்டிஃபோலியா’வா, ‘டினோஸ்போரா கிரிஸ்பா’வா என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘கிலோய்’ என்றால் போதாது.

எடை குறைக்கும் டீ வாங்குபவர்கள் ‘சென்னா’ என்ற சொல்லை முதலில் தேடுங்கள். இருந்தால் அது மேலே சொன்ன நிலாவாரை. வயிறு போவதால் தராசில் எடை குறைந்த மாதிரி காட்டும். உடலில் நீரும் உப்புச் சத்தும் போயிருக்கும், கொழுப்பு அங்கேயே இருக்கும்.

மூன்றாவது: செடியின் எந்தப் பகுதி?

ஒரே செடியின் வேர் மருந்தாகவும் இலை வேண்டாததாகவும் இருக்கலாம். அமுக்கராவில் நம் மரபு பயன்படுத்துவது கிழங்கு, அதாவது வேர். ஆனால் இலை மலிவு. வேர்ச் சத்தோடு இலைச் சத்தைக் கலந்தால் செலவு குறையும். 2021-ல் ஆயுஷ் அமைச்சகம், அமுக்கரா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. எஃப்எஸ்எஸ்ஏஐ பட்டியலிலும் வேருக்கும் வேர்ச் சத்துக்கும்தான் அனுமதி. டென்மார்க் 2023-ல் அமுக்கராவையே தடை செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போகத் தேவையா என்பது வேறு விவாதம். லேபிளில் ‘அஸ்வகந்தா 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால், ‘வேரா, இலையா?’ என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ‘ரூட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

திராட்சையிலும் இதே கதைதான். பழம் வேறு, தோல் வேறு, விதை வேறு. ‘திராட்சைச் சத்து’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

நான்காவது: எவ்வளவு? பொடியா, சத்தா?

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்ற ஒரு சொல் கணக்கையே மாற்றிவிடும்.

‘500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட் (10:1)’ என்று இருந்தால், 10 கிலோ மூலிகையைக் காய்ச்சி 1 கிலோ சத்து எடுத்திருக்கிறார்கள். அந்த 500 மில்லி கிராமுக்குள் 5 கிராம் மூலிகை அடங்கியிருக்கிறது. வெறும் ‘500 மி.கி. பொடி’ என்றால் அரை கிராம் பொடிதான். டப்பா இரண்டிலும் முன்பக்கம் பெரிதாக ‘500 மி.கி.’ என்றே இருக்கும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். வீட்டு மஞ்சள்தூளில் கர்க்குமின் சுமார் 3% இருக்கும். கேப்சூல் லேபிளில் ‘மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி. (95% கர்க்குமினாய்ட்ஸ்)’ என்று இருந்தால், அதில் இருப்பது 475 மி.கி. அதே அளவு வீட்டு மஞ்சள்தூளில் கிடைக்க வேண்டும் என்றால் சுமார் 16 கிராம் தூள் வேண்டும். டீஸ்பூன் கணக்கில் ஐந்து. ஒரு நாளைக்கு இரண்டு கேப்சூல் என்றால் பத்து டீஸ்பூன். பத்து டீஸ்பூன் மஞ்சள் போட்டு எந்த வீட்டிலும் குழம்பு வைப்பதில்லை. ‘தினமும் சமையல்ல சேர்க்கிறதுதானே’ என்ற வாதம் இங்கே நிற்காது.

அதே லேபிளில் அடுத்த வரியில் ‘பைப்பரின் 5 மி.கி.’ அல்லது ‘கருப்பு மிளகு சத்து’ என்று இருக்கலாம். மிளகு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. எதிரே நிற்கும் மலையில் விளைவதுதான். ஆனால் கேப்சூலில் அது காரத்துக்காகச் சேர்க்கப்படவில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 20 மி.கி. பைப்பரின் சேர்த்தால் கர்க்குமின் ரத்தத்தில் சேர்வது 2000% கூடுகிறது என்று கண்டார்கள். அதற்காகத்தான் மிளகுச் சத்து. பைப்பரின் கர்க்குமினை மட்டும் உள்ளே தள்ளுவதில்லை. நாம் சாப்பிடும் சில ஆங்கில மருந்துகளையும் உடல் வெளியேற்றும் வேகத்தைக் குறைத்து, அவற்றின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேர் பற்றி 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் ஒருவர் இறந்தார். அவர்களில் 7 பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. மஞ்சள் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவும் வடிவமும் மாறினால் பொருளும் மாறுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கம்பம்மெட்டு ஏறினால் வரும் இடுக்கிக்காரர்களின் மீன் குழம்புப் புளி: குடம்புளி. கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். எடைக் குறைப்பு கேப்சூலில் இதன் பெயர் ‘கார்சினியா காம்போஜியா’. குழம்பில் நாலு சுளை போட்டு மீனோடு கொதிக்க வைப்பது வேறு; அதிலுள்ள ஒரு அமிலத்தை மட்டும் செறிவாகப் பிரித்து மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. பிரான்ஸ் நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பு, கல்லீரல் உள்ளிட்ட பாதிப்புகளைக் காரணம் காட்டி, இது சேர்ந்த சப்ளிமென்ட்களைச் சாப்பிட வேண்டாம் என்று 2025-ல் மக்களுக்குச் சொன்னது.

அளவில் இன்னொரு மறைவிடமும் உண்டு. பத்து மூலிகைகளின் பெயரை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பிளெண்ட் 600 மி.கி.’ என்று ஒரே எண் கொடுப்பது. வெளிநாட்டு டப்பாக்களில் இது அதிகம். எதில் எவ்வளவு என்று தெரியாது. விலை உயர்ந்த மூலிகை ஒரு சிட்டிகையும், மலிவானது மீதியுமாக இருக்கலாம். அப்படிப்பட்ட டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது.

ஐந்தாவது: கூட என்ன சேர்த்திருக்கிறார்கள்?

உணவு லேபிளில் சேர்மானப் பட்டியல் எடை அதிகமுள்ளதில் தொடங்கிக் குறைவானதில் முடிய வேண்டும். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ‘நெல்லி – துளசி – இஞ்சி ஹெல்த் மிக்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டு, பட்டியலில் முதலில் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அதற்குத்தான். சர்க்கரை நோயாளிகள் இதை அவசியம் பார்க்கணும்.

‘ஐஎன்எஸ்’ என்று தொடங்கும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐஎன்எஸ் 211 சோடியம் பென்சோயேட். ஜூஸ் கெடாமல் இருக்க. ஐஎன்எஸ் 551 பொடி கட்டியாகாமல் இருக்க. ஐஎன்எஸ் 955 சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. இவை அனுமதிக்கப்பட்டவை. ‘நூறு சதவீதம் இயற்கை, எதுவும் சேர்க்கவில்லை’ என்று முன்பக்கம் சொல்லிவிட்டு, பின்பக்கம் இந்த எண்கள் இருந்தால் அப்போதுதான் சந்தேகப்படணும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கேப்சூலின் கூட்டையும் பார்க்க வேண்டும். ஜெலட்டின் என்றால் அது விலங்கிலிருந்து வருவது. உள்ளே இருப்பது மூலிகை என்றாலும், உணவு வகை டப்பாவில் பச்சை வட்டத்துக்குப் பதில் பழுப்பு முக்கோணம் இருக்கும்.

லேபிளில் இல்லாதது

நேர்மையான லேபிளைப் படிக்கலாம். பொய் லேபிளைப் படித்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை 776 சப்ளிமென்ட்களில், லேபிளில் சொல்லாத மருந்துகள் கலந்திருந்ததை அந்நாட்டு மருந்துத் துறை கண்டுபிடித்தது. பெரும்பாலும் ஆண்மைக்கு, எடை குறைய, தசை வளர என்று விற்கப்பட்டவை. எடைக் குறைப்புச் சரக்குகளில் அடிக்கடி சிக்கிய சிபுட்ராமின் என்ற மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்தது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70% பொடிகளின் லேபிள் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு அறிகுறி உண்டு. மூலிகை என்று வாங்கிய பொருள் ஓரிரு நாளிலேயே அதிசயமாக வேலை செய்தால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். மூட்டு வலி ஒரே நாளில் பறந்துபோனால் உள்ளே வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ இருக்கலாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அதே வீட்டு அலமாரியில் சிறுகுறிஞ்சான் கேப்சூலும் இருக்கலாம். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது, மாத்திரையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைந்தால் தலைசுற்றி விழ நேரிடும். இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தை மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அழுத்த மாத்திரையின் வேலையை அது கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, பூண்டு, மஞ்சள் போன்றவற்றின் செறிந்த சத்து ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

எனவே டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். பெயர் சொன்னால் போதாது. பின்பக்கத்தை அவர் படிக்கணும். ‘திட்டுவாரோ’ என்று மறைப்பவர்கள் பலர். அறுவை சிகிச்சைக்கு முன்பும், கர்ப்ப காலத்திலும் மறைப்பது உயிருக்கே ஆபத்து. சாப்பிட ஆரம்பித்த பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, பசியில்லாமல் குமட்டுவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

இவ்வளவும் எந்த மொழியில்?

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குபவரின் பொறுப்பு. இனி அரசின் பொறுப்பு.

மேலே பார்த்த ‘ரூட்’, ‘எக்ஸ்ட்ராக்ட்’, ‘பிளெண்ட்’ எல்லாம் ஆங்கிலச் சொற்கள். இது தற்செயல் இல்லை. உணவு லேபிள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மற்ற மொழிகளில் கூடுதலாக அச்சிட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ‘ஒரு நாளைக்கு இதற்கு மேல் சாப்பிடக் கூடாது’ என்ற எச்சரிக்கையைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டிய கடமை எந்த நிறுவனத்துக்கும் கிடையாது.

மருந்தில் நிலைமை இன்னும் விசித்திரம். எட்டி, சேராங்கொட்டை, ஊமத்தை, பாதரசம் போன்ற நச்சுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று மருந்து விதிகளில் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்து டப்பாவில் ‘மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருத்துவத்தின் நூல்கள் தமிழில் இருக்கின்றன. சரக்குகளின் பெயர் தமிழில் இருக்கிறது. சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எச்சரிக்கை மட்டும் தமிழில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

விளம்பரம் மட்டும் எப்படித் தமிழில் வருகிறது? காலையில் டிவியைப் போட்டால் தமிழில்தான் பேசுகிறார்கள். டப்பாவின் முகப்பிலும் ‘சர்க்கரைக்கு’, ‘மூட்டு வலிக்கு’ என்று தமிழில் பெரிதாக அச்சிடத் தெரிகிறது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், எச்சரிப்பதற்கு வேண்டாம் என்பது நியாயமா? பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்ட வேலைக்குப் போய் வரும் ஒரு அம்மா, முதுகு வலிக்கு வாங்கிய டப்பாவைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியணும். கல்லூரியில் படிக்கும் பேத்தி வந்து வாசித்துச் சொல்லும் வரை காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது.

கேட்பது பெரிய விஷயமல்ல. மொத்த லேபிளையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நான்கு வரி போதும்: இது உணவா மருந்தா, எந்த மூலிகையின் எந்தப் பகுதி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு, யார் சாப்பிடக் கூடாது. விற்பனையாகும் மாநிலத்தின் மொழியில் இந்த நான்கையும் அச்சிடச் சொல்லி மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதற்குத் தமிழ்நாடு அரசு அழுத்தம் கொடுக்க வேண்டும். அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் தன் தயாரிப்புகள் எல்லாவற்றிலும் இந்த நான்கு வரியைத் தமிழில் தெளிவாக அச்சிட்டு முன்மாதிரி காட்டலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. கூடவே, ஆன்லைனில் விற்கும் தளங்கள் டப்பாவின் பின்பக்கப் படத்தையும் படிக்கும் அளவில் கட்டாயம் போட வேண்டும். முன்பக்கத்தை மட்டும் காட்டி விற்பது, மூடிய பெட்டியில் திராட்சை விற்பது போலத்தான்.

புகார் எங்கே?

எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உள்ள பொருள் என்றால், அந்த 14 இலக்க எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் போட்டு, உரிமம் உண்மையா, யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் நேரில் கொடுக்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேட்கலாம். காசு வாங்கி ஏமாற்றிய விவகாரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதற்கும் பில் வேண்டும். பில் இல்லாத மூலிகைக்குப் பொறுப்பாளியும் இல்லை.

மூலிகையை நம்புவதில் தவறில்லை. சுக்கும் மிளகும் நம் அஞ்சறைப் பெட்டியில் காலங்காலமாக இருக்கின்றன. அவை நம் கண் முன்னால் இடிபட்டவை. டப்பாவுக்குள் அடைபட்டு வருவதை நாம் பார்க்கவில்லை. பார்த்தவர் எழுதித் தர வேண்டும். அதை நாம் படிக்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். அதுவரை, திராட்சைக் கொத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். புரியாத சொல் இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராத டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.